பங்களாவின் நாக்கு

அத்தியாயம் 9

“எனக்கு ஒரு பிஸ்கோத்து வேணும்.”

அழகுத்தாய் கேட்டது அவ்வளவுதான். உரலில் சுக்கு இடித்துக்கொண்டிருந்த ஆத்தாள் சாந்தம்மாளின் உலக்கை பாதி வழியில் நின்றது. அடுப்பு வாயில் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்த ரத்தினம் திரும்பித் தங்கையை முறைத்தான். அப்பாவான சமையல்காரர் கருத்தப்பாண்டி மட்டும் காதில் விழாதவர் போல, சுடச்சுட இறக்கிய தகரத் தட்டை மேசைமேல் வைத்து, பிஸ்கோத்துகளை ஒவ்வொன்றாக ஆறப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அய்யா, உங்களைத்தான். ஒண்ணு குடுங்க. நான் ருசி பாக்கணும்.”

குருவிமேட்டு எஸ்டேட் பங்களாவின் அடுப்படியில் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று பால்குடி மறக்கும்போதே சொல்லி வளர்த்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சமையல்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து வேலை செய்ய வேண்டும். அது பங்களா வழக்கம். இடிக்கலாம், சலிக்கலாம், வெட்டலாம், அடுப்பெரிக்கலாம். வாயில் மட்டும் வைக்கக் கூடாது. துரை சாப்பிடுகிற பண்டத்தை முன்கூட்டி ருசி பார்க்கிற நாக்கு ஒன்றே ஒன்று. அது சமையல்காரரின் நாக்கு.

சாந்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “அடியே, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. துரைசாணி காதுல விழுந்தா என்னாகும்?”

“விழட்டும். எனக்கு ஒரு பிஸ்கோத்து வேணும்.”

போன வாரம் லாரியிலிருந்து பெட்டியோடு இறங்கிய நாள் முதல் அழகுத்தாய் அந்த வீட்டில் ஒட்டாமலே கிடக்கிறாள் என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டில் பி.எஸ்ஸி. முடித்தவள். தை பிறந்ததும் அதே காலேஜில் ஆய்வுக்கூட வேலைக்குப் போகவேண்டியவள். கொழுந்து கிள்ளுகிற பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். பங்களாவிலோ அவள் வெறும் பாண்டி மகள். கூடப் படித்தவர்கள் மலைக்குக் கீழே இருந்தார்கள். கூடப் பிறந்தவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு வாரமாக அவள் அதிகம் பேசியது கோழிகளோடுதான்.

அப்படிக் கிடந்தவளைத்தான் துரைசாணி முந்தாநாள் கூப்பிட்டு அனுப்பினாள். துரைக்குச் சர்க்கரை வியாதி. சீனியைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கிறிஸ்துமஸ் பிஸ்கோத்து இல்லையென்றால் துரை குழந்தை மாதிரி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். என்ன செய்யலாம்?

வழி சொன்னது அழகுத்தாய். மைதாவுக்குப் பதில் கேப்பை மாவும் கோதுமைத் தவிடும். சீனி அறவே கூடாது. வட்டவடைக் காரட்டைத் துருவி வெண்ணெயில் வதக்கிப் போட்டால் அதிலேயே பாதி இனிப்பு வந்துவிடும். மிச்சத்துக்குப் பேருக்குக் கொஞ்சம் கருப்பட்டி. சுக்கு, பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் தாராளமாக விழுந்தால் இனிப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

காலையில் அளந்து பிசைந்து கொடுத்ததும் அவள்தான். அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கருத்தப்பாண்டி மாவைக் கிள்ளி வாயில் போட்டார். “மண்ணு மாதிரி இருக்கு, தாயி” என்று சொல்லிக் கருப்பட்டிப் பாகை ஊற்றினார். மறுபடி கிள்ளினார், மறுபடி ஊற்றினார். கடைசியில் பீங்கான் ஜாடியைத் திறந்து, டாக்டர் கூடாதென்ற சீனியையே கை நிறைய அள்ளிப் போட்டார்.

நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவர் செய்கிற வேலையா அது?

இனிக் கேட்டுப் பயனில்லை என்று அழகுத்தாய் எட்டி ஒரு பிஸ்கோத்தை எடுத்தாள். சாந்தம்மாள் “அய்யய்யோ” என்பதற்குள் கடித்துவிட்டாள்.

தொண்டை கமறியது. கருப்பட்டிக் கட்டியையே கடித்தது போலிருந்தது. சுக்கையும் கிராம்பையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

“அய்யா, இதைத் தின்னா துரை நாளைக்குப் படுக்கையிலதான் கிடப்பாரு.”

“இனிப்பே இல்லைத்தா அதுல.”

“இனிப்பு இல்லையா? பாகு மாதிரி இருக்கு!”

“நாலு எழுத்துப் படிச்சுட்டா நாக்கும் நீண்டுருமா?” என்று சிரிக்கப் பார்த்தார் கருத்தப்பாண்டி. “துரைமாருக மூணு பேருக்கு ஆக்கிப் போட்ட நாக்கு இது.”

அழகுத்தாய் பீங்கான் ஜாடியைத் திறந்தாள். ஒரு கரண்டி எடுத்தாள்.

“கண்ணை மூடுங்க.”

“என்ன வெளையாட்டு இது?”

“மூடுங்கய்யா.”

மகள் கேட்டால் அவருக்குத் தட்டத் தெரியாது. மூடினார். வாயைத் திறந்தார். அவள் கரண்டியை நாக்கில் கவிழ்த்தாள். கருத்தப்பாண்டி இரண்டு முறை மென்றார். பல்லில் நறநறவென்றது. முகம் சுளித்தது.

“என்னத்தா குடுத்த? மணலா?”

அடுப்புக்குள் ஒரு விறகு வெடித்தது.

“சீனிய்யா அது” என்றாள் அழகுத்தாய்.

காலேஜில் தாவரவியல் வாத்தியார் ஒருநாள் ஒரு பச்சிலையை ஆளுக்கொன்று கொடுத்து மெல்லச் சொன்னார். பிறகு சீனியைக் கையில் போட்டுத் தின்னச் சொன்னார். பெண்களெல்லாம் மணல், மணல் என்று துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிறுகுறிஞ்சான் இலை. மென்றவன் நாக்கில் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பு செத்துப்போகும். சர்க்கரை வியாதிக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுப்பதும் அதைத்தான்.

அவள் அப்பாவின் இடுப்பிலிருந்த வெற்றிலை டப்பியை உருவினாள். அவர் தடுக்கக் கையைத் தூக்கி, பாதியில் விட்டுவிட்டார். டப்பியில் வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை. சிறுகுறிஞ்சான் இலையின் பச்சைப் பொடி இருந்தது.

“யாருக்கு இது?”

“வாய்ப்புண்ணுக்கு…”

“சீனி மணலா இருக்கிற அளவுக்கு வாய்ப்புண்ணா?”

அவர் தரையைப் பார்த்தார். அவள் ஆத்தாளைப் பார்த்தாள். சாந்தம்மாள் உரலுக்குள் பார்த்தாள். ரத்தினம் அடுப்பைப் பார்த்தான். மூன்று பேரில் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அய்யாவுக்கும் சர்க்கரைன்னு உங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“தெரியாம என்ன?” என்றான் ரத்தினம், திரும்பாமலே. “போடியில போயி பொடி வாங்கியாறதே நாந்தான்.”

“எப்ப இருந்து?”

“நீ ரெண்டாவது வருசம் படிக்கையில இருந்து” என்றாள் சாந்தம்மாள்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“உனக்குப் பரிச்சை நேரம்…”

“ரெண்டு வருசமுமா ஆத்தா பரிச்சை நடக்கும்?”

லீவுக்கு வந்த ஒவ்வொரு முறையும் இந்த மூன்று பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசியிருக்கிறார்கள். அவள் தூங்கப் போன பிறகு இதைப் பேசியிருக்கிறார்கள். பெற்ற வீட்டில் அவள் விருந்தாளியாக வந்து, விருந்தாளியாகச் சாப்பிட்டு, விருந்தாளியாகப் பஸ் ஏறியிருக்கிறாள். அது அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

“ஆஸ்பத்திரியில காட்டியிருக்கலாமே?”

“காட்டி?” என்றாள் சாந்தம்மாள். “டிஸ்பென்சரி கம்பவுண்டரு காலையில பாத்தா மத்தியானம் துரைக்குத் தெரியும். நோவு வந்தவனை எந்தப் பங்களாவுல சமைக்க விடுவாக? வேலை போனா மறுநாளே வீட்டை ஒழிக்கணும். எங்க போறது? ஊருல நமக்குன்னு ஒரு கூரை இருக்கா? சொல்லேன், படிச்சவளே.”

நடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

சாந்தம்மாள் ஒரே எட்டில் வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். மிளகாய்க் காம்பு கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பேறிய கை, இரும்பாகப் பிடித்தது.

துரைசாணி வாசற்படியில் நின்றாள். அவளுக்கு மரியாதைத் தமிழை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் காதில் விழுந்த தமிழ்தான். கட்டின புருஷனையும் அவன் இவன் என்றுதான் பேசுவாள்.

“பாண்டி! வாசம் பங்களா பூரா வருது. துரை காலையில இருந்து கேக்குறான். எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு பூனை மாதிரி சுத்துறான்.”

“டீக்கு வந்துரும், தொரைசாணியம்மா” என்றார் கருத்தப்பாண்டி. இத்தனை நேரம் கூனியிருந்த முதுகு நிமிர்ந்துவிட்டது.

“ரத்தினம், நாளைக்கு நல்ல சட்டை போடு. லயத்துப் பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்த பிறகு எல்லாருக்கும் முன்னால துரை சொல்வான். இனிமே நீதான் பங்களா குக்கு. பாண்டி கை, பாண்டி நாக்கு, எல்லாம் மகனுக்கு. பாண்டி, நீ ரெஸ்ட் எடு. வீட்டுல அப்படியே இருந்துக்கோ.”

ரத்தினம் எழுந்து கும்பிட்டான். அவன் கண் கலங்கியதை அழகுத்தாய் பார்த்தாள்.

“அலகுத்தாய், உன் பிஸ்கோத்து நல்லா வந்துச்சா?”

மணிக்கட்டில் பிடி இறுகியது.

“இன்னொரு ஈடு போடணும், மேடம்” என்றாள் அழகுத்தாய். “இது சரியா வரலை.”

“ஓ, போடு, போடு.”

சப்பாத்துச் சத்தம் போய்விட்டது. சாந்தம்மாள் கையை விட்டாள். மணிக்கட்டில் விரல் தடம் நாலும் சிவந்திருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழகுத்தாய்க்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அதைக் கேப்பை மாவின்மேல் காட்டினாள்.

இரண்டாவது ஈட்டுக்கு யாரும் யாரையும் ஏவவேண்டி இருக்கவில்லை. சாந்தம்மாள் பட்டையையும் கிராம்பையும் இடித்துச் சல்லடையில் தட்டினாள். ரத்தினம் விறகை இழுத்துத் தணலைச் சமமாகப் பரப்பினான். கருத்தப்பாண்டி காரட்டைத் துருவி, வெண்ணெயில் நீர் சுண்டும்வரை வதக்கினார். அழகுத்தாய் கருப்பட்டியை அளந்து போட்டு, கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

“போதுமா தாயி?” என்று கேட்டார் அப்பா.

“போதும்யா. இன்னும் ரெண்டு சிட்டிகை சுக்கு.”

“காரமால்ல போயிரும்?”

“போகாது. நீங்க வேணும்னா தின்னு பாருங்க, மணலா இருக்கான்னு.”

கருத்தப்பாண்டி வயிறு குலுங்கச் சிரித்தார். சாந்தம்மாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதல் தட்டு அடுப்பின் இரும்புப் பெட்டிக்குள் போய், கேப்பை வறுபடுகிற வாசமும் கிராம்பு வாசமும் எழுந்தபோது, ரத்தினம் ஒரு வாரத்தில் முதல் தடவையாகத் தங்கைக்கு முகம் கொடுத்துப் பேசினான்.

“காரட்டைப் போடச் சொல்லி எந்த வாத்தியாரு சொன்னாரு?”

“யாரும் சொல்லலை. நானே நினைச்சேன்.”

“பரவாயில்லையே. காலேஜுல நீ மலையாளம் மட்டுந்தான் படிச்சன்னு நினைச்சேன்.”

தட்டு வெளியே வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. அழகுத்தாய் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். மெல்ல மெல்லக் காரட்டின் இனிப்பு வந்தது. அதற்குப் பின்னால் சுக்கு சுள்ளென்று எழும்பியது. சரியாக வந்திருந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா இருக்கு.”

“அப்ப ஒண்ணு செய்யி” என்றாள் சாந்தம்மாள். குரல் குழைந்திருந்தது. “பாலக்காட்டு வேலை ஓடியா போகும்? இங்கனயே இரு. உங்கண்ணன் கை திருந்துறவரைக்கும் ருசி பாத்துச் சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது? நாலு பேரும் ஒண்ணா இருந்த மாதிரியும் இருக்கும்.”

நாலு பேரும் ஒண்ணா. அந்த வார்த்தைக்கு அழகுத்தாய் அசைந்துதான் போனாள். ஹாஸ்டலில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதற்காக ஏங்கியிருக்கிறாள்! பொய்யாக இருந்தால்தான் என்ன, நாலு பேர் சேர்ந்து சொல்கிற பொய்தானே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அந்த நேரத்தில் ரத்தினம் அடுப்புக் கதவைத் திறந்தான். ஒரு தணல் தெறித்து வெளியே விழுந்தது. கருத்தப்பாண்டியின் வலது காலில், வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தின்மேல் விழுந்தது.

அவர் பிஸ்கோத்து வெட்டிக்கொண்டிருந்தார். தகர அச்சை மாவில் அழுத்தி எடுத்தார். மறுபடி அழுத்தினார். கான்வாஸ் கருகிப் புகைந்தது. ஓட்டை விழுந்தது. அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

“அய்யா! காலு!”

“என்னாது?”

அழகுத்தாய் குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினாள். மண்டி போட்டுச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள். “வேணாம், வேணாம் தாயி” என்று அவர் காலை இழுத்தார். அவள் விடவில்லை. சப்பாத்து கழன்றது. சுற்றியிருந்த துணியும் கழன்றது. கிராம்பும் பட்டையும் மணத்த அந்த அடுப்படியில் வேறொரு வாடை எழுந்தது.

பெருவிரலும் அடுத்த விரலும் கரியாக இருந்தன. தணல் சுட்ட கருப்பு இல்லை அது. பல நாள் கருப்பு. புறங்காலில் பாதிவரை தோல் ஊதிப் பளபளத்தது.

ரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டான். “புண்ணுன்னுதான சொன்னீக… இப்புடின்னு சொல்லலையே” என்றான். சாந்தம்மாள் அவிழ்ந்து கிடந்த துணியைக் கையில் எடுத்தாள். கட்டுப் போட்டதே அவள்தான்.

“வலிக்கலையாய்யா?” என்று கேட்டாள் அழகுத்தாய்.

“அதான் தாயி நல்லது. வலியே இல்லை.”

அவள் எழுந்தாள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் கழுவினாள்.

“இன்னைக்கே மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஜீப்பு வேணும்.”

“ஜீப்பு துரையோடதுல்ல” என்றான் ரத்தினம்.

“அதான். துரைகிட்ட கேக்கணும்.”

“நாளைக்கு ஒரு பொழுது பொறு, தாயி” என்றார் கருத்தப்பாண்டி. ஒற்றைக் காலில் சப்பாத்தோடும் மறுகால் வெறுமையாகவும் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர், மகளைப் பார்த்துக் கெஞ்சினார். “அண்ணன் பேரைத் துரை சொல்லிரட்டும். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன். காலு போனாப் போயிட்டுப் போகுது. உக்காந்து கஞ்சி குடிக்க ஒரு வீடு இருக்கும்ல?”

“காலோட நிக்காதுய்யா. ரத்தத்துல ஏறிரும். ஏறினா ஆளையே கொண்டுபோயிரும்.”

“ஒரு பொழுதுல ஒண்ணும் ஆகாது!” என்று சீறினாள் சாந்தம்மாள். “அழுகின காலோட துரைக்குச் சமைச்சுப் போட்டாருன்னு தெரிஞ்சா, உங்கண்ணனுக்கு வேலை குடுப்பாகளா? அந்தத் துரைசாணி ஒரு வார்த்தை சொன்னதாலதான் உனக்கு ஹாஸ்டல்ல இடம் கெடைச்சது. அந்த மூஞ்சியில முழிச்சு, உங்களை ரெண்டு வருசமா ஏமாத்துனோம்னு சொல்லப்போறியா?”

“சொல்லத்தான் போறேன்.”

“உனக்கென்ன!” ரத்தினத்தின் குரல் உடைந்தது. “தை பொறந்தா நீ பஸ் ஏறிருவ. பாயைச் சுருட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கப்போறது நாங்க.”

அது பொய்யில்லை. அழகுத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமாண்ணே. நான் போயிருவேன். உங்க மூணு பேரு கூட்டுலயும் நான் இல்லை. சேத்துக்கலை நீங்க. அதனாலதான் என்னால கேக்க முடியுது.”

“கேட்டியானா, எம்மூஞ்சியில முழிக்காத” என்றாள் சாந்தம்மாள். “வீட்டுப் பக்கம் வந்துறாத.”

கருத்தப்பாண்டி மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

முடிவு எந்த நிமிஷத்தில் எடுத்தாள் என்று கேட்டால் அழகுத்தாய்க்கே சொல்லத் தெரியாது. கை கழுவும்போதே எடுத்தாகிவிட்டது. இத்தனை நேரம் நின்றது, யாராவது ஒருவர் கூட வருவார்களா என்று பார்க்கத்தான்.

யாரும் வரவில்லை.

அவள் அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தகரக் கூரை போட்ட நீண்ட நடை, பங்களா வரைக்கும் போனது. இரண்டு பக்கமும் மூடுபனி. அந்தக் கோடியில் விருந்தாளிகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரோ பியானோவை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால், அடுப்படிக்குள், ஆத்தாள் அழத் தொடங்கியிருந்தாள்.

அழகுத்தாய் நடையின் நடுவே நடந்தாள். சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அடுப்படி ஆட்கள் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியே நின்றுதான் துரையைக் கூப்பிடுவார்கள்.

அவள் கழற்றவில்லை. உள்ளே போனாள்.